நீலாஞ்சனையும் மணிமேகலையும்

'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ஆம் தேதி வெளிவந்தது. வந்த வாரமே என் அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டேன். அவளுக்குப் பதினாலு வயது. தமிழ் நன்றாக வாசிப்பாள்; ஆனால் அலமாரியில் ஐந்து பாகங்களும் வரிசையாக நிற்பதைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்பாள். படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு வெளியே வரும்போதே, "எப்படி அத்தை?" என்று கேட்டாள்.

நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்க்க வந்தவர்களிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

"எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மணிமேகலை எங்கே?" என்றேன்.

"எந்த மணிமேகலை?"

அவள் மேல் குற்றம் இல்லை. அவள் பார்த்த படத்தில் அப்படி ஒருத்தி கிடையாது. கடம்பூர் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை, வந்தியத்தேவனை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாடிய பெண், ஆதித்த கரிகாலனைக் கொன்றது நானே என்று பொய்ப் பழியைத் தலையில் ஏற்றுக்கொண்டு அவனைக் காப்பாற்றப் பார்த்தவள். கல்கி அவ்வளவு பெரிய நாவலைச் சோழ சிம்மாசனத்தின் மேலே முடிக்கவில்லை. இந்தப் பெண்ணின் மரணத்தில்தான் முடித்தார். அப்படிப்பட்டவளைப் படத்தில் காணோம். காணோம் என்பதுகூட, படித்தவர்களுக்குத்தான் தெரிகிறது.

வீடு வந்து சேரும் வரையில் நான் மணிமேகலைக்காக வாதாடிக்கொண்டே வந்தேன். என் மருமகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அஞ்சு மணி நேரத்துக்கு மேலே ரெண்டு படம் எடுத்திருக்காங்க. இன்னும் எத்தனை பேரைத்தான் கொண்டு வருவாங்க?" என்றாள். அதற்கும் பதில் இல்லை.

மணிமேகலையிடம் எனக்கு உள்ள பற்றுக்கு ஒரு காரணம் உண்டு. அவளை நான் முதலில் புஸ்தகத்தில் சந்திக்கவில்லை. எங்கள் ஆயாவின் வாயில் சந்தித்தேன்.

எங்கள் பூர்வீகம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். தறிக்காரர்கள் வீடு. 1950 அக்டோபரில் கல்கி பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கி, 1954 மே மாதம் வரையில் வந்தது. அந்த நாளில் எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரு கல்கி வாங்குவார்களாம். ஆயா கல்யாணமாகி வந்த புதிது. அஞ்சாம் வகுப்பு வரையில் படித்திருந்ததால், சத்தம் போட்டு வாசிக்கிற வேலை அவர்களுக்கு. தார் சுற்றிக்கொண்டே வாசிப்பார்கள். தாத்தா தறிக்குழியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே நெய்வார். நாலு வீடும் வாசித்து முடித்த பிறகு, கெஞ்சிக் கூத்தாடி அந்த இதழ்களை வாங்கித் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஊசி நூல் கொண்டு தைத்து வைப்பார்கள். மணியம் வரைந்த படங்களுக்கு ஒரு கிழிசல்கூட வராமல் தைத்த தையல் அது. நான் பத்து வயதில் படித்தது அந்தப் புஸ்தகத்தைத்தான்.

அதில் கடைசி இதழ் மட்டும் கிடையாது. நாலாவது வீட்டுக்குப் போன இதழ் திரும்பி வரவில்லை. கதையில் யார் என்ன ஆனார்கள் என்பது எல்லாம் தெரிந்துவிட்டது. மணிமேகலை என்ன ஆனாள் என்பது மட்டும் அந்தரத்தில் நின்றது. ஆயாவைக் கேட்டேன்.

"இன்னா ஆகும்? புத்தி தெளிஞ்சு அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிடுச்சு. அண்ணங்காரன் வந்து கூட்டிக்கினு போனான்" என்றார்கள்.

எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. கல்கியின் எழுத்துக்களை 1999-ஆம் ஆண்டில் அரசாங்கம் நாட்டுடைமை ஆக்கியது. பிறகு மலிவுப் பதிப்புகள் குவிந்தன. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் ஐந்தாம் பாகத்தை மாத்திரம் தனியாக வாங்கினேன். கடைசி அத்தியாயத்தைப் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். வந்தியத்தேவன் மடியில் அந்தப் பெண் கண்ணை மூடிவிட்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிட்டாள்.

அன்று ஆயாவிடம் போய், "ஏன் ஆயா பொய் சொன்னீங்க?" என்று சண்டை பிடித்தேன். "பத்து வயசுப் பொண்ணுகிட்ட அதைப் போய்ச் சொல்லுவாங்களா? நானே நாலு நாள் சோறு திங்கலை" என்றார்கள்.

ஒரு கதையை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது அதில் கை வைக்கிறவர்கள் சினிமாக்காரர்கள் மட்டும் அல்ல என்பதை எனக்கு முதலில் கற்பித்தது இந்தச் சம்பவம்.

நம்முடைய தமிழ் சினிமா வாய் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே நாவலைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது. 1935-இல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' படமாயிற்று. 'தியாகபூமி' கதையே வேடிக்கையானது. அதிலே எது முதல், எது பின் என்று சொல்ல முடியாது. கே. சுப்பிரமணியம் படம் எடுத்துக்கொண்டிருக்க, அதே சமயத்தில் கல்கி அதை ஆனந்த விகடனில் தொடர்கதையாக எழுதினார். சித்திரக்காரர் படங்களுக்குப் பதிலாகச் சினிமாவில் எடுத்த படங்களையே போட்டார்கள். 1939-இல் படம் வந்து, பிறகு ஆங்கில சர்க்கார் அதற்குத் தடை போட்டது. அதில் பின்னணியில் பாடிய டி.கே. பட்டம்மாள் எங்கள் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்பதை ஆயா அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு தடவை சொல்லாமல் விடமாட்டார்கள். நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' 1954-இல் வந்து ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிற்று. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' 1968-இல் வருவதற்கு முன்பே, விகடன் வாசகர்களுக்கு மோகனாம்பாளின் முகம் தெரிந்துவிட்டது. கோபுலு வரைந்து காட்டிவிட்டார். பத்மினி அந்த முகத்தோடு போட்டி போட்டு ஜெயிக்க வேண்டியிருந்தது. ஜெயித்தார் என்பதுதான் என் அபிப்பிராயம்.

'பொன்னியின் செல்வ'னையே எம்.ஜி.ஆர். 1950-களின் கடைசியில் எடுக்கப் புறப்பட்டார், நடக்கவில்லை. அவர் எடுத்திருந்தால் மணிமேகலை இருந்திருப்பாளா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு பாட்டாவது பாடியிருப்பாள் என்று தோன்றுகிறது.

எனக்கு இதிலெல்லாம் மிகவும் பிடித்த உதாரணம் 'பார்த்திபன் கனவு'. கல்கியின் முதல் சரித்திர நாவல். 1941-இல் தொடங்கி வந்தது. 1960-இல் யோகானந்த் இயக்கத்தில் படமாயிற்று. ஜெமினி கணேசன் விக்கிரமன், வைஜயந்திமாலா குந்தவி, எஸ்.வி. ரங்காராவ் நரசிம்ம பல்லவர். நாவலில் ஒரு சிவனடியார் வருகிறார். பக்கத்துக்குப் பக்கம் வந்து போகிறார். அவர் யார் என்பதுதான் கதையின் பெரிய ரகசியம். காகிதத்தில் இந்த ரகசியத்தைக் காப்பாற்றுவது வெகு சுலபம். 'ஜடாமுடி தரித்த ஒரு சிவனடியார்' என்று எழுதிவிட்டால், வாசகன் தன் மனத்தில் ஒரு ஜடாமுடியை மாட்டிக்கொள்வான். அதற்குள்ளே முகம் இருக்காது. கொட்டகையில் அப்படி நடக்குமா? கண் இருக்கிறது, குரல் இருக்கிறது, நடை இருக்கிறது. முதல் வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கே எல்லாம் தெரிந்துபோகும். நாவலில் மாறுவேஷம் போடுகிறவர்களுக்கு முகமே தேவை இல்லை. திரையில் முகம்தான் எல்லாம். கல்கியோ மாறுவேஷம் இல்லாமல் ஒரு நாவலும் எழுதியதில்லை என்று சொல்லலாம். 'சிவகாமியின் சபத'த்தில் மகேந்திர சக்கரவர்த்தியே வஜ்ரபாஹு என்ற பெயரில் குதிரை ஏறிக்கொண்டு அலைகிறார்.

அந்தச் 'சிவகாமியின் சபதம்' எங்கள் ஊர்க் கதை. 1944 முதல் 1946 வரையில் வந்தது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்த ஓர் இரவில்தான் ஆயனரும் சிவகாமியும் தம் மனத்தில் தோன்றியதாகக் கல்கி எழுதியிருக்கிறார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காஞ்சிபுரம் என்றால் அந்த நாவலில் வரும் காஞ்சிதான். கோட்டை, அகழி, புலிகேசியின் முற்றுகை, வாதாபிப் படையெடுப்பு. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ஒவ்வொரு மேட்டையும் பார்த்து, கோட்டைச் சுவர் இதுவாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டிருக்கிறேன். கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ச் சிவகாமியைத் தேடியிருக்கிறேன். அந்தக் கோயில் சிவகாமி கதைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பின்னால் ராஜசிம்மன் கட்டியது என்று யாரோ சொன்னபோது, ராஜசிம்மன் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

'பொன்னியின் செல்வ'னிலும் காஞ்சி உண்டு. ஆதித்த கரிகாலன் தகப்பனாருக்காகப் பொன் மாளிகை கட்டுகிறான். சரித்திரத்திலும் சுந்தர சோழருக்குப் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்று பெயர். அவர் காலமானது காஞ்சியில்தான். படத்துக்காக மணிரத்னம் ஓர்ச்சாவுக்கும் குவாலியருக்கும் மகேஷ்வருக்கும் போனார், காஞ்சிபுரத்துக்குப் போகவில்லை. போயிருந்தாலும் பயன் இருந்திருக்காது. பொன் மாளிகை நின்ற இடம் இன்று யாருக்குத் தெரியும்? மேலே மின்சாரக் கம்பி, கீழே ஆட்டோ.

இப்படி, நாவல் அழைத்துக்கொண்டு போன இடத்துக்கெல்லாம் போய்ப் பார்த்த எனக்கு, எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஓர் ஊருக்குப் போக நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

காரணம் என் மருமகள்தான். உள்ளூர்ச் சின்னம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து நாலு பக்கம் எழுதவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ஏகாம்பரநாதர், வரதராஜர், காமாட்சி, கைலாசநாதர் எல்லாவற்றையும் மற்றப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இவளுக்கு மீதி இருந்தது திருப்பருத்திக்குன்றம்.

பிள்ளையார்பாளையத்தைத் தாண்டி, வேகவதியைக் கடந்தால் திருப்பருத்திக்குன்றம். வேகவதி என்று சொன்னால் ஏதோ ஆறு போலத் தோன்றும். அன்று அதில் கருவேல மரந்தான் இருந்தது. பட்டுக்குப் பேர்போன ஊரை ஒட்டியே பருத்தியின் பேரைச் சுமந்துகொண்டு ஓர் ஊர். சைவர்களுக்கும் வைஷ்ணவர்களுக்கும் ஒவ்வொரு காஞ்சி இருப்பதுபோல் இது சமணர்களின் காஞ்சி, ஜின காஞ்சி. உள்ளே நுழையும்போதே அந்த நிசப்தம் எனக்கு வெட்கமாக இருந்தது. ஆயா இருந்திருந்தால், இத்தனை நாளும் பக்கத்து வீட்டுக்காரரை விசாரிக்காமலே குடித்தனம் நடத்தியிருக்கிறாயே என்று கேட்டிருப்பார்கள்.

நான் ஏன் அங்கே போனதில்லை? யோசித்தால் விடை சிரிப்பாக இருக்கிறது. எந்த நாவலிலும் என் கதாநாயகன் அங்கே குதிரையை நிறுத்தவில்லை. பெரியபுராணத்தில், சமணனாக இருந்த பல்லவ அரசன் அப்பர் சுவாமிகளின் பெருமையைக் கண்டு சைவன் ஆனான் என்று இருக்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்மன்தான் என்பது சரித்திரக்காரர்களின் முடிவு. பாடப் புஸ்தகத்தில் அதைப் படித்தேன். நாவலில் திருநாவுக்கரசரையும் சக்கரவர்த்தியையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துக் கட்டி, அத்தோடு காஞ்சியில் சமணம் தீர்ந்தது என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். கல்கி அப்படி எழுதினார் என்று சொல்லவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது. கதைக்கு வேண்டியவர்களை அவர் விளக்குப் போட்டுக் காட்டினார். மற்றவர்கள் இருட்டில் நின்றார்கள். இருட்டில் யாருமே இல்லை என்று நினைத்தது நான்.

உண்மையில் என்ன நடந்தது? மகேந்திரனுக்கு முன்னால், ஆறாம் நூற்றாண்டில், சிம்மவிஷ்ணுவின் தகப்பனாரான சிம்மவர்மன், பருத்திக்குன்றைச் சேர்ந்த வஜ்ரநந்தி என்ற சமண குரவருக்கு ஒரு கிராமத்தையே கொடுத்தான். பள்ளன்கோவில் செப்பேடு அதைச் சொல்கிறது. மகேந்திரனுக்குப் பின்னால், மாமல்லன் நரசிம்மன் வாதாபியைப் பிடித்தது 642-இல். ஏறக்குறைய அந்தச் சமயத்திலேதான் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இந்தப் பக்கம் வந்தார். பதினாயிரம் பௌத்த பிக்ஷுக்களையும் எண்பது தேவாலயங்களையும் கணக்குச் சொல்லிவிட்டு, நிர்க்கிரந்தர்கள், அதாவது சமணர்கள், நிறைய இருக்கிறார்கள் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். சிவகாமி சபதம் செய்ததாக நாம் நம்புகிற அதே காலத்தில், வேகவதிக்கு அந்தக் கரையில் முனிவர்கள் பாடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகும் நிற்கவில்லை. இங்குள்ள சந்திரப்பிரபர் கோயில் பல்லவர் காலத்தது. வர்த்தமானருக்கு உரிய திரைலோக்கியநாதர் கோயிலில் முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. விஜயநகரத்து இரண்டாம் ஹரிஹரரின் மந்திரியும் தளபதியுமான இருகப்பர் 1387-88-இல் இங்கே சங்கீத மண்டபத்தைக் கட்டினார். இந்த இருகப்பர் ஒரு ரசமான மனிதர். வாளும் பிடிப்பார், சம்ஸ்கிருதத்தில் 'நானார்த்த ரத்னமாலை' என்று நிகண்டும் செய்வார், ஹம்பியில் குந்து ஜினநாதருக்குக் கோயிலும் எடுப்பார். இவரை வைத்து ஏன் இன்னும் ஒரு சரித்திர நாவல் வரவில்லை என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் மடம் இன்று திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவிலே உள்ள மேல்சித்தாமூரில் இருக்கிறது. ஆனால் அதற்கு இன்றைக்கும் ஜின காஞ்சி மடம் என்றுதான் பெயர். ஊரை விட்டு வந்தாலும் விலாசத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் நான் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கீத மண்டபத்தின் விதானம் முழுவதும் படம். விஜயநகர காலத்திலும் அதற்குப் பிறகும் தீட்டியவை. நீள நீளமான பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் கதையை ஓடவிட்டிருக்கிறார்கள். ரிஷபதேவர் கதை, வர்த்தமானர் கதை, நேமிநாதர் கதை. ஊர்வலம், யானை, குதிரை, குடை, நடனம். ஒரே ஆள் ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப வருகிறான். இங்கே பிறக்கிறான், அங்கே நடக்கிறான், அதற்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறான். கீழே இன்ன காட்சி என்று எழுத்திலும் எழுதிவைத்திருக்கிறார்கள். பல இடங்களில் சுதை உதிர்ந்து, வர்ணம் மங்கி, காட்சி பாதியில் நின்றுவிடுகிறது. 'சிவகாமியின் சபத'த்தில் ஆயனர் அழியாத அஜந்தா வர்ணத்தின் ரகசியத்துக்காகத் தவியாய்த் தவிக்கிறாரே, அந்தத் தவிப்பு எவ்வளவு நியாயமானது என்று இங்கே வந்து பார்த்தால் தெரியும்.

என் மருமகளுக்குக் கழுத்து வலித்தது. செல்போன் திரையை அணைத்துவிட்டு, அதைக் கண்ணாடி மாதிரி கையில் ஏந்திக்கொண்டு குனிந்து பார்த்தபடி நடந்தாள். கறுப்புத் திரையில் விதானம் ஓடிற்று. "அத்தை, இது சினிமா மாதிரியே இருக்கு" என்றாள்.

சினிமா மாதிரி என்ன, சினிமாவேதான். நாவலைப் படமாக்குகிற காரியத்தை அப்போதே முடித்துவைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் சம்ஸ்கிருதத்தில் ஆதிபுராணம் பாடினார். அவருடைய சிஷ்யர் குணபத்திரர் மீதியை முடித்தார். அதைப் பின்பற்றித் தமிழில் மணிப்பிரவாள நடையில் ஸ்ரீபுராணம் உண்டாயிற்று. அந்தக் கதைகளைத்தான் சித்திரக்காரர்கள் மேலே ஏற்றினார்கள். 1934-இல் சென்னை அருங்காட்சியகத்துக்காக டி.என். ராமச்சந்திரன் இந்தக் கோயிலைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். அவர் ஸ்ரீபுராணத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு விதானத்தைக் காட்சி காட்சியாக அடையாளம் கண்டு சொன்னார். நாவலைக் கையில் வைத்துக்கொண்டு படம் பார்க்கிற ஆசாமிகளுக்கெல்லாம் அவர் குலகுரு!

இதிலே கண்ணனும் வருகிறான். ஆனால் இங்கே அவன் கதாநாயகன் அல்ல, நேமிநாதரின் பங்காளி. நமக்குத் தெரிந்த பெரிய கதாபாத்திரத்தைச் சமணர்கள் தங்கள் கதையில் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். வைஷ்ணவர் ஒருவர் இதைப் பார்த்தால், நான் கொட்டகையில் கேட்ட அதே கேள்வியைக் கேட்பார்: எங்கே என் கண்ணன்?

மேலே சில இடங்களில் நாட்டியப் பெண்கள் ஆடுகிறார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கு ரிஷபதேவர் கதையில் வருகிற நீலாஞ்சனையின் ஞாபகம் வந்தது. மருமகளைத் தரையில் உட்காரவைத்து அதைச் சொன்னேன்.

ரிஷபதேவர் அரசராக இருக்கிறார். சுகமாக இருக்கிறார். துறவு கொள்ளவேண்டிய காலம் வந்தும் அவருக்கு அந்த எண்ணம் வரவில்லை. இந்திரன் ஒரு யுக்தி செய்கிறான். ஆயுள் முடிய ஒரு சில நிமிஷங்களே பாக்கியுள்ள நீலாஞ்சனை என்ற தேவதாசியைச் சபையில் ஆட அனுப்புகிறான். அவள் ஆடுகிறாள். சபை சொக்கிப்போய்ப் பார்க்கிறது. ஆட்டத்தின் நடுவிலே அவள் ஆயுள் தீர்ந்து, மின்னல் போல் மறைந்துவிடுகிறாள். ரசம் கெட்டுவிடக் கூடாது என்று இந்திரன் அந்தக் கணமே அவளைப் போலவே இருக்கும் இன்னொருத்தியை அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறான். தாளம் தப்பவில்லை. ஆட்டம் நடக்கிறது. சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. ரிஷபதேவர் ஒருவருக்குத்தான், முன்னே ஆடியவள் இவள் அல்ல என்பது தெரிந்தது. அதற்கு மேல் அவரால் சிம்மாசனத்தில் உட்கார முடியவில்லை.

எங்கள் தறியில் கோர்வை என்று ஒன்று உண்டு. புடவையின் உடலும் கரையும் வெவ்வேறு நாடாவில் ஓடும். இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போகவேண்டும். அதற்காகத் தறியின் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காருவான். கோர்வை சரியாக விழுந்தால் பொருத்தின இடம் கண்ணுக்குத் தெரியாது. மணிமேகலையை எடுத்துவிட்டு மணிரத்னம் போட்ட கோர்வை அப்படிப்பட்டதுதான். ஓர் இழைகூடத் துருத்தவில்லை. என்னுடைய வருத்தமே அதுதான். கோணல்மாணலாகப் பொருத்தியிருந்தால், இங்கே ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று என் மருமகளுக்கும் தெரிந்திருக்கும் அல்லவா?

இதை இரண்டு மாதமாக நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து சொல்லும்போது எனக்கே நாக்குத் தடுமாறிற்று. என் மனத்தில் இருந்த காஞ்சியிலும் யாரோ இப்படிக் கோர்வை போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். ஒரு மடம், ஒரு கோயில், எத்தனையோ தலைமுறை முனிவர்கள், அவர்களுக்கு நெல் அளந்த குடியானவர்கள், மந்திரி இருகப்பர் எல்லோரும் எடுபட்டுப் போய், ஆட்டம் மட்டும் தாளம் தப்பாமல் நடந்திருக்கிறது. நாற்பது வருஷம் நான் சபையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன். பாஷை வேறு, கரு வேறு. ஆனால் நான் என் மருமகளைவிட எந்த விதத்தில் உசத்தி? அவளாவது, "எந்த மணிமேகலை?" என்று கேட்டாள். நான் கேட்கவே இல்லை.

இன்னொரு மணிமேகலையும் எங்கள் ஊருக்கு வந்தவள்தான். சாத்தனார் படைத்த மணிமேகலை. அமுதசுரபியோடு வந்து, பசித்தவர்களுக்குச் சோறு போட்டு, கடைசியில் காஞ்சியிலேயே தங்கி அறம் கேட்டாள் என்பது காப்பியம். அவள் சார்ந்த பௌத்தத்துக்கும் இந்த ஊரில் இன்று தடம் தேடித்தான் பார்க்கவேண்டும். அந்தக் கதையைத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

ஐந்து மணி ஆயிற்று. கோயிலைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் சாவிக் கொத்தை ஆட்டினார். வெளியே வந்து குரா மரத்தடியில் நின்றோம். அதற்கு மேடை கட்டி, பக்கத்தில் முனிவர்களின் நினைவாகப் பலிபீடங்கள் வைத்திருக்கிறார்கள். இந்த மரம் வளர்வதும் இல்லை, குறைவதும் இல்லை என்று ஓர் ஐதிகம். மருமகள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, "கடைசியிலே அந்த மணிமேகலைக்கு என்னதான் ஆச்சு அத்தை?" என்று கேட்டாள்.

பெரியவர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். வெயில் தாழ்ந்திருந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தேன், பதினாலு வயது.

"என்ன ஆகும்? புத்தி தெளிந்து ஊருக்குப் போய்விட்டாள். அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனான்" என்றேன்.

ஐந்தாம் பாகம் அலமாரியில்தான் இருக்கிறது. படித்துவிட்டுச் சண்டைக்கு வரட்டும்.